பாலித்தீவின் வயல்வெளிகளிலே

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





பாலித்தீவுக்குச் சென்று வந்தோம் என்று கேள்வியுற்ற நண்பர்கள் எம்மிடம் முதலிற் கேட்ட கேள்வி ஒன்றே: "அங்கும் இந்துக்கள் இருக்கிறார்களாமே, மெய்தானா?" மெய்தான். இந்தோனேசியக் குடியரசு ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்டது. அதன் மக்களுட் பெரும்பாலோர் இஸ்லாமியர். ஜாவாவுக்குக் கிழக்கே கிடக்கும் பாலி என்னும் சிறு தீவிலே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுட் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். இதனைச் சொல்லி முடிக்க இவ்வளவு நேரமே போதும். 'அவர்களும் எம்மவரே' என்று மகிழ்ந்து நாம் அமர்ந்துவிடலாம். ஆயினும் இன்று பேச எண்ணியது வேறொன்று. அம்மக்கள் தம் சமயத்தைக் கொண்டு என்ன செய்கிறார்கள்? அவர்களுடைய வழிபாடு கோயில் வாசலோடு நின்றுவிடுகிறதா, வயல் வரம்பு வரைக்கும் போகிறதா? இதனையே எம் குடும்பத்தவர் சென்ற பயணத்தை முன்வைத்துக் கூற விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே தந்தையார், தாயார், தங்கை, அம்மம்மா ஆகியோருடன் நாம் ஐவராகச் சென்றோம். அம்மம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கிளிநொச்சிப் பக்கத்திலே வயல் செய்த குடும்பம் அவருடையது. சிங்கப்பூரில் விமானம் மாறி, பாலியின் தென் முனையிலுள்ள விமான நிலையத்தில் இறங்கினோம். அத்தென்கரையைப் பற்றி அதிகஞ் சொல்வதற்கில்லை. ஹோட்டல்களும் கடைகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருங்கிய இடம் அது. மறுநாளே வடக்கு நோக்கி உபுத் என்னும் ஊருக்குச் சென்று, அங்கே தங்கி, மூன்று நாள் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தி நாட்டுப்புறத்தைச் சுற்றினோம். சாரதி ஆங்கிலம் நன்கு பேசுவார். தாமும் வயற்குடும்பத்திற் பிறந்தவரென்றார். தந்தையாரை 'பாக்' என்றும், தாயாரை 'இபு' என்றும், அம்மம்மாவை 'நேனேக்' என்றும் அழைத்தார். 'நேனேக்' என்றால் பாட்டி. அன்று மாலைக்குள் அம்மம்மா அவரைத் 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

முதலில் அந்நிலத்தின் அமைப்பைக் கூறவேண்டும். பாலியின் வடபாகத்திலே கிழக்கு மேற்காக எரிமலைகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது ஆகுங் மலை. உயரம் மூவாயிரம் மீற்றரளவு. சில மலைகளின் பழைய எரிவாய்களிலே ஏரிகள் தங்கியிருக்கின்றன. மலைகளிலிருந்து ஆறுகள் தெற்கு நோக்கி ஓடுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த மென்பாறையை அவை ஆழமாக அறுத்துக்கொண்டு செல்வதால், நீர் பள்ளத்தாக்கின் அடியிலே ஓட, நல்ல நிலம் மேட்டிலே கிடக்கிறது. ஆற்றை மலையின் உயரத்திலேயே மறித்து, பாறையைக் குடைந்து சுரங்கவழி அமைத்து, மேட்டு நிலத்துக்கு நீரைக் கொணர்ந்தாலன்றி அங்கே நெல் விளையாது. அத்தகைய சுரங்கங்களை அகழ்ந்த தொழிலாளரைப் பற்றிப் பாலியின் பழஞ் சாசனங்களே பேசுகின்றன. தனியொருவனால் ஆகக்கூடிய வேலையன்று இது. சேர்ந்தாற் சோறு, பிரிந்தாற் பட்டினி.

முதல் நாட் காலை தெகல்லாலாங் என்னும் ஊரிலே வண்டி நின்றது. பள்ளத்தாக்கின் இரு மருங்கிலும் படிக்கட்டுப் போல வயல்கள் இறங்குகின்றன. சில படிகள் பாய் விரித்த அளவே அகலமானவை. ஒன்றில் நாற்று, ஒன்றில் இளம்பயிர், ஒன்றில் வெறும் நீரும் அதில் விழுந்த வானமும். தாயார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஆனால் அங்கே வயல் மட்டுமில்லை. நுழைவுச்சீட்டுக் கூடமும், கோப்பிக் கடைகளும், தென்னையிலே கட்டிய பெரிய ஊஞ்சல்களும் இருந்தன. நீண்ட பட்டாடை வாடகைக்கு உடுத்த வெளிநாட்டுப் பெண்கள் பள்ளத்தின் மேலாய் ஊஞ்சலாட, கூட வந்தோர் படம் பிடித்தனர். தங்கையும் ஆசைப்பட்டாள், ஆடினாள். அம்மம்மாவோ ஊஞ்சலைப் பார்க்கவில்லை. வரம்பிலே குனிந்து, மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு நீர் வடியும் வாயிலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்கட வயல் மாதிரித்தான் பிள்ளை, மலையிலை ஏறி நிக்குது. தண்ணியை ஆர் திறக்கிறது, ஆர் மறிக்கிறது? அதைக் கேள்" என்றார்.

எம் பயணத்திற் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதுவே சிறந்தது. இரணைமடுத் தண்ணீருக்காக வாய்க்காற் கரையிலே இரவிரவாய்க் காவலிருந்த மனிதரைக் கண்டவரன்றோ அவர்? சாரதியிடம் கேட்டோம். அவர் சிரித்து, "அதற்கு ஒரு சபை உண்டு. நாளை ஜாதிலுவிக்குப் போவோம். அங்கே அதன் தலைவரிடமே கேளுங்கள். இன்று அந்த நீர் எங்கிருந்து வருகிறதென்று முதலிற் காட்டுகிறேன்" என்றார்.

அவ்வண்ணமே நீரின் வழியே மேனோக்கிச் சென்றோம். பாகெரிசான் ஆற்றின் கரையிலே திர்த்தா எம்புல் என்னும் கோயில் இருக்கிறது. 'திர்த்தா' என்பது எமது தீர்த்தமே. பத்தாம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றிருந்த தலம் இது. கோயிலினுள்ளே தெளிந்த குளமொன்றின் அடியில் மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று பொங்குகிறது. அந்நீர் வரிசையான கல் வாய்களாற் பக்கத்துத் தடாகங்களில் விழ, மக்கள் ஒவ்வொரு வாயின் கீழும் தலை குனிந்து நீராடி வணங்குகிறார்கள். அம்மம்மாவும் கால் நனைத்து, தலையிலே தெளித்துக்கொண்டார். எமக்கு அங்கே வியப்பளித்தது அந்நீர் பின்னர் போகும் இடம். கோயிலை விட்டு வெளியேறும் தீர்த்தம் வாய்க்காலாய் இறங்கி வயலுக்குப் பாய்கிறது. உள்ளே அபிடேகத்துக்கு உரியது எதுவோ, அதுவே வெளியே நெல்லுக்கும் உரியது. பாலி மக்கள் தம் சமயத்தைத் 'தீர்த்த சமயம்' என்னும் பொருள்பட 'ஆகம திர்த்தா' என்றும் அழைத்து வந்தார்கள் என்பதன் பொருள் எமக்கு அவ்விடத்திலேதான் விளங்கிற்று.

அதே ஆற்றின் கீழே குனுங் காவி என்னும் இடத்திலே, பதினோராம் நூற்றாண்டிற் பாறைச் சுவரிற் குடைந்தெடுத்த பத்துச் சின்னங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏழு மீற்றரளவு உயரம். அரச குலத்தவர் நினைவாக அமைந்தவை. அங்கே இறங்கும் படிகளின் இருபுறமும் வயலே. மன்னரின் நினைவிடத்துக்கும் உழவனின் வரம்புக்கும் நடுவே வேலியைக் காணோம்.

பிற்பகலில் பாத்தூர் மலையின் விளிம்பை அடைந்தோம். குளிர்ந்த காற்று, தாயார் சேலைத் தலைப்பாற் போர்த்துக்கொண்டார். கீழே அகன்ற எரிவாய்க்குள் எரிமலையும் அதன் பக்கத்தில் ஏரியும் தெரிந்தன. விளிம்பிலே உலுன் டானு பாத்தூர் என்னும் பெருங்கோயில் இருக்கிறது. ஏரியின் தெய்வமான தேவி டானுவுக்குரியது. முன்பு இக்கோயில் கீழே ஏரிக்கரையிலே இருந்தது. 1926ஆம் ஆண்டு எரிமலை பொங்கியபோது ஊரும் கோயிலும் தீக்குழம்பில் மூழ்கின. மக்கள் மேலேறி, விளிம்பிலே ஊரையும் கோயிலையும் புதிதாய் அமைத்தார்கள். ஏரி நீரே மலையினுள் கசிந்து ஊற்றுகளாய் வெளிப்படுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே தூரத்து ஊர்க் கமக்காரரும் தம் விளைவின் ஒரு பகுதியைக் காணிக்கையாய் இங்கே கொணர்ந்து, தீர்த்தம் பெற்றுச் செல்கிறார்கள். புதிய வாய்க்கால் வெட்ட வேண்டுமாயினும், நீர்ப் பிணக்குத் தீர வேண்டுமாயினும் இக்கோயிலின் ஆலோசனையை நாடுவது நெடுங்கால வழக்கம்.

இரண்டாம் நாள் மேற்கே பாதுகாரு மலைச்சாரலிலுள்ள ஜாதிலுவிக்குச் சென்றோம். 'ஜாதி' என்றால் உண்மை, 'லுவி' என்றாற் சிறப்பு என்று சாரதி பொருள் கூறினார். பெயர் பொய்க்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் படிவயல்கள் மலையின் வடிவைப் பற்றியே வளைந்து செல்கின்றன. வரம்பு எதுவும் நேர்கோடில்லை. ஒவ்வொரு வயலுக்கும் நீர் புகும் வாயருகே மூங்கிலாற் செய்த சிறு மாடம் நின்றது. அதிலே தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டம். அதற்குச் 'சானாங்' என்று பெயர். கிழக்கே வெள்ளைப்பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம், ஒரு மூர்த்தம், நடுவிலே சிவன். வயலின் மடைவாயிலே சிவனை நினைக்கும் மக்கள் அவர்கள்.

அங்கேதான் சபைத் தலைவரைச் சந்தித்தோம். அச்சபைக்குச் 'சுபாக்' என்று பெயர். தலைவருக்குப் 'பெகாசே' என்று பெயர். எம் நாட்டு வட்டவிதானையாரைப் போன்றவர் என்று கொள்ளலாம். அறுபது வயதிருக்கும், மண்வெட்டியோடு வரம்பில் வந்தவர், கால் கழுவிவிட்டு, சிவப்பரிசியை வறுத்துக் காய்ச்சிய தேநீர் தந்து, எம்மோடு திண்ணையில் இருந்தார். சாரதி மொழிபெயர்த்தார். அம்மம்மாவின் கேள்வி அங்கே கேட்கப்பட்டது.

அவர் கூறியவற்றின் சாரம் இது. ஒரே நீர்வாயிலிருந்து நீர் பெறும் கமக்காரர் யாவரும் ஒரு சுபாக். ஐம்பது பேரும் இருக்கலாம்; நானூறு பேரும் இருக்கலாம். தீவு முழுவதிலும் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உண்டு. இம்முறை ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டு வருவதென்பர். தலைவரைக் கமக்காரரே தெரிவு செய்வர். மரக்குற்றியாற் செய்த மணியை அடித்தாற் கூட்டம் கூடும். பெரிய வயற்காரனுக்கும் சிறிய வயற்காரனுக்கும் ஒரு குரலே. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்தி, அவரவர் பங்குக்கேற்ற அகலத்திலே வெட்டுவாய் அமைத்து நீரைப் பிரிப்பர். அந்த வெட்டுவாய் யாவர் கண்ணுக்கும் தெரியும். எவரும் அளந்து பார்க்கலாம். வாய்க்கால் துப்புரவாக்கும் நாளில் வராதவருக்கும் நீர் திருடியவருக்கும் தண்டம் உண்டு. இவை யாவும் சுபாக்கின் சட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன.

"இவையெல்லாம் கூட்டம். கோயில் எங்கே வருகிறது?" என்று தந்தையார் கேட்டார்.

பெகாசே சொன்னார்: "நீரைத் திறக்குமுன் நாம் மேலே போய் நீரை வரவேற்கிறோம். அதற்கு 'மாபக் தோயா' என்று பெயர். நடும்போது ஒரு பூசை. நெல் கருக்கொள்ளும்போது ஒரு பூசை. அறுவடையில் ஒரு பூசை. எந்தச் சுபாக் எப்பொழுது நடுவது என்பதை நீர்க்கோயிலிலே கூடிப் பேசி முடிவு செய்கிறோம். பூசைக்கு நாள் குறித்தால் வேலைக்கும் நாள் குறித்ததாயிற்று."

'தோயா' என்ற சொல்லை நாம் உடனே பிடித்துக்கொண்டோம். தோயம் என்று நீரை எம் நிகண்டுகளும் கூறும். அம்மம்மாவோ மற்றச் செய்தியைப் பிடித்துக்கொண்டார். "நெல்லுக் குடலைப் பருவத்திலை நிக்கேக்கை பிள்ளைத்தாச்சியைப் போலத்தான் பாக்கோணும் எண்டு எங்கட அப்புவும் சொல்லுவார்" என்றார். மொழி பெயர்த்ததும் பெகாசே கைகூப்பிச் சிரித்தார். இரு கமக்காரர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவ்வளவே போதுமாயிருந்தது.

தந்தையார் விடவில்லை. "கூட்டுறவுச் சங்கம் ஒன்றே இவ்வளவையும் செய்யுமே. கூட்டம், தண்டம், பங்கு எல்லாம் இருக்கப் பூசை எதற்கு?" என்றார். நண்பர்களே, இக்கேள்வியை எம் சங்கத்து இளைஞர் பலரும் மனத்திலே வைத்திருக்கிறார்கள். நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலும் அறுவடை விழா ஆராதனை உண்டு. விளைந்த பூசணியையும் வாழைக்குலையையும் படைத்து நன்றி சொல்வோம். நன்றி சொல்லுதல் எல்லாச் சமயத்துக்கும் பொது. பாலியிலோ நன்றி சொல்வதற்கு முன்னே பங்கிடுதல் வருகிறது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு வரலாறே ஒரு பரீட்சை நடத்திப் பார்த்திருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

1970களிலே இந்தோனேசிய அரசு நெல் உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. குறுகிய காலத்தில் விளையும் புதிய நெல்லினங்களும், செயற்கை உரமும், பூச்சிநாசினியும் பாலிக்கு வந்தன. கோயில் நாட்காட்டியைப் பார்த்துக் காத்திராமல், இயன்றபோதெல்லாம் நடுங்கள் என்று கமக்காரருக்குக் கூறப்பட்டது. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தாற் சொல்லவில்லை. பசி நீங்க வேண்டுமென்றே சொன்னார்கள். முதலில் விளைவு கூடியது. பின்னர் ஒரு வயல் நட, ஒரு வயல் அறுக்க, ஒரு வயல் குடலையாய் நிற்க, எல்லோருக்கும் ஒரே வேளையில் நீர் வேண்டியதாயிற்று; நீர் போதவில்லை. அதனிலும் கொடியது பூச்சி. முன்பு பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் நிலத்தை நீரிலே தரிசாய் விட்டன. பயிரில்லாத அவ்வாரங்களிலே கபிலநிறத் தத்தியும் எலியும் உணவின்றி மடிந்தன. இப்பொழுதோ எந்நாளும் எங்கோ ஒரு வயலிற் பச்சைப் பயிர் இருந்தது. பூச்சி இவ்வயலை விட்டு அவ்வயலுக்குப் போய்ப் பெருகிற்று. மருந்து அடிக்க அடிக்க, மருந்துக்கு மடியாத பூச்சி தோன்றிற்று. விளைச்சல் அழிந்தது. கமக்காரர் தாமே பழைய நாட்காட்டிக்குத் திரும்பக் கேட்டார்கள்.

ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இதனை ஆராய்ந்தார். ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியலாளரோடு சேர்ந்து, இரண்டு ஆறுகளை அடுத்த 172 சுபாக்குகளைக் கணினியிலே அமைத்து, பல முறைகளில் நடுகையை நடத்திப் பார்த்தார். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நட்டாற் பூச்சி பெருகியது. ஆறு முழுவதும் ஒரே நாளில் நட்டால் நீர் போதவில்லை. இரண்டுக்கும் நடுவே, நீர்க்கோயில்கள் வகுத்த அளவிலே அயற்சுபாக்குகள் சேர்ந்து நட்டபோதுதான் விளைவு மிகுந்தது. இவ்வாய்வு 1993இல் வெளியாயிற்று.

இதனுள்ளே ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. மேல்மடைக்காரனுக்கு நீர்க்கவலை இல்லை. நீர் முதலில் அவனிடமே வருகிறது. அவன் ஏன் கீழ்மடைக்காரனுக்கு விடவேண்டும்? கீழே உள்ளவன் நீரின்றிக் காலம் பிந்தி நட்டால், அவன் வயலிற் பெருகும் பூச்சி மேலே ஏறி வரும். கீழ்மடைக்காரன் உரிய காலத்தில் நடவேண்டுமாயின் மேல்மடைக்காரன் நீர் விடவேண்டும். மேலே இருப்பவன் நீரைக் கொடுக்கிறான். கீழே இருப்பவன் பூச்சியில்லாக் காலத்தைக் கொடுக்கிறான். இருவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர். இக்கடனை நினைவூட்டும் இடமே நீர்க்கோயில். பிணக்கு வந்தபின் கூடினாற் கோபத்தோடு கூடுவர். திருவிழாவுக்குக் கூடியவர்களோ ஒரே பந்தியில் உண்டபின் பேசுகிறார்கள். தந்தையாரின் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே. தந்தையார் இவ்விடையை முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் கூறவேண்டும். "திருவிழாவுக்குக் கூடியும் பிணங்குவார் பலரை நான் கண்டிருக்கிறேன்" என்றார். அதுவும் மெய்யே. கோயில் இருந்தாற் போதாது. கோயிலில் வகுத்ததை வரம்பிலே செய்து முடிக்கவும் வேண்டும்.

இவ்விடத்திலே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். 'விஞ்ஞானம் சொல்வதெல்லாம் எம் முன்னோர் அறிந்ததே' என்று மார்தட்ட இக்கதையைப் பயன்படுத்தல் எளிது. பாலிக் கமக்காரர் அவ்வாறு பேசவில்லை. அயலவன் வயலைப் பார்த்து, நல்ல விளைவு கண்டவனைப் பின்பற்றி, ஆண்டுதோறும் கூடித் திருத்தித் திருத்தி வந்ததனாலேயே அம்முறை நிலைத்தது. அது ஒரு முறை அருளப்பட்டு முடிந்த அறிவன்று; தொடர்ந்து உழைத்துக் காத்த அறிவு.

இனி மகிழ்ச்சியற்ற பகுதிக்கு வருகிறோம். 2012ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம், ஐந்து இடங்களின் படிவயல்களையும் நீர்க்கோயில்களையும், ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர் பரப்பை, உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. ஜாதிலுவியும் அவற்றுள் அடங்கும். 2019இலும் பின்னர் 2024இலும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் பாலிக்கு வந்தார்கள்; தீவின் குடிசனத்தையும் விஞ்சிய தொகை. அவர்களிற் பலர் இவ்வயல்களையே பார்க்க வருகிறார்கள். பார்க்க வருவோர் தங்க விடுதி வேண்டும். விடுதிக்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும். நிலம் வயலிலிருந்து வருகிறது, நீரும் அவ்வாறே.

பெகாசே தம் கையால் மண்ணிலே கோடு கீறிக் காட்டினார். "நடுவிலே ஒருவர் தம் வயலை விற்றுவிட்டார் என்று வையுங்கள். வாங்கியவர் வீடு கட்டி மதில் வைக்கிறார். வாய்க்கால் அங்கே அறுந்துபோகிறது. அதன் கீழே உள்ளவர் விற்க விரும்பாவிட்டாலும் அவருக்கு நீர் இல்லை. சில ஆண்டில் அவரும் விற்கிறார்." எங்கள் பக்கத்திலே காணி விற்பதைப் பற்றிப் பேசுவோரும் இதனை நினைத்தல் நன்று. வாய்க்காலிலே தொங்கும் வயலைத் தனி ஒருவனின் காணி என்று சொல்ல முடியாது.

அவருக்கு ஆண்மக்கள் இருவர். ஒருவர் உல்லாசக் கப்பலிலே சமையற்காரர். மற்றவர் தெற்கே ஒரு ஹோட்டலிலே வேலை. "அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அவர்கள் அனுப்பும் பணத்திலேதான் எனக்குக் கூலியாள் பிடிக்க முடிகிறது. திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறார்கள். வெள்ளை உடுத்து அழகாய் வணங்குகிறார்கள். வாய்க்கால் வெட்டும் நாளில்தான் அவர்களுடைய இடம் வெறுமையாய் இருக்கிறது" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மொழிபெயர்த்த சாரதியும் தலை குனிந்திருந்தார். தம் தந்தையாரின் வயலும் இப்பொழுது குத்தகையில் இருப்பதாகப் பின்னர் வண்டியிலே கூறினார்.

"அப்படியென்றால் எங்களைப் போன்றவர்கள் வராமல் இருப்பது நல்லதா?" என்று தங்கை கேட்டாள். பெகாசே அவசரமாய்க் கையசைத்தார். "வாருங்கள் மகளே. எங்கள் அரிசியைச் சாப்பிடுங்கள். வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். வரம்பை மட்டும் மிதித்து உடைக்காதீர்கள்." அன்று மதியம் அவர் மனைவியார் சமைத்த சிவப்பரிசிச் சோறே எமக்கு உணவு. எம் ஊர்ச் சோற்றைப் போல மணத்ததென்று அம்மம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். பிராத்தான் ஏரியிலே நீரினுள் நிற்கும் கோபுர அடுக்குகளைக் கண்டோம். பின்னர் கிழக்கே சென்று, ஆகுங் மலையையும் அதன் மடியிலுள்ள பெசாகித் தாய்க்கோயிலையும் தரிசித்தோம். 1963ஆம் ஆண்டு அம்மலை பொங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீக்குழம்போ பெசாகியை அணுகித் தீண்டாது சென்றது. அழிந்த சாரல்களிலே இன்று மறுபடியும் வயல் இருக்கிறது. மக்கள் மலையைப் பழிக்கவில்லை. சாம்பல் படிந்த மண்ணிலே மீண்டும் வரம்பு கட்டினார்கள்.

பாலியின் இந்துக்கள் தம் வாழ்க்கை நெறியை மூன்றாக வகுத்துச் சொல்வார்கள். அதற்குத் 'த்ரி ஹித கரண' என்று பெயர். இப்பெயர் வழங்கத் தொடங்கியது 1960களிலே; கருத்தோ பழையது. மனிதனுக்கும் இறைவனுக்கும் இசைவு, மனிதனுக்கும் மனிதனுக்கும் இசைவு, மனிதனுக்கும் நிலத்துக்கும் இசைவு. இம்மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் நில்லா என்பது அதன் பொருள். எம்மிடையே முதலாவதைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. இச்சங்கத்தின் நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பாருங்கள்: பூசை, பஜனை, குருபூசை, சொற்பொழிவு. யாவும் வேண்டியனவே. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நாம் எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறோம்?

எமக்கும் இவை புதியன அல்ல. வன்னியிலே குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கி வணங்குவதைப் பெரியோர்கள் அறிவார்கள். விதைப்புக்கு முன் கமக்காரர் கூடி நீர் திறக்கும் நாளை முடிவு செய்யும் கூட்டமும் எம் நாட்டிலே நடைபெற்றே வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ சுண்ணக்கல்லின் அடியிலே உள்ள நீர் எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவானது. ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயலவர் கிணற்றிலும் உவர் ஏறும். அங்கே மேல்மடை கீழ்மடை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் கடன் அதே கடன்தான்.

ஆகவே இளைஞர்களுக்கு எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, வயலுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அடுத்த போகத்துக்கான கமக்காரர் கூட்டத்துக்கு ஒரு முறையாயினும் தந்தையாருடன் செல்லுங்கள். பின் வரிசையில் இருந்து கேட்டாலும் போதும். இரண்டாவது, கோயிற் கேணி துப்புரவாக்கும் நாளைத் திருவிழா நாளைப் போலச் சங்கத்தின் நாட்குறிப்பில் எழுதுவோம். மூன்றாவது, வீட்டிலுள்ள முதியோரிடம் எந்த மழைக்கு எது விதைத்தார்கள், வாய்க்கால் எவ்வழி போயிற்று என்று கேட்டு எழுதி வைப்போம். அம்மம்மா சொல்லச் சொல்ல நாம் எழுதத் தொடங்கிய கொப்பி இப்பொழுது பாதி நிறைந்திருக்கிறது.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளைஞர் வருவதில்லை என்று குறை கூறுமுன், எமக்கும் அங்கே ஒரு குரல் உண்டென்று சொல்லி எம்மை அழையுங்கள். வயல் சிறிதாயினும் குரல் ஒன்றே என்னும் சுபாக்கின் சட்டம், வயது சிறியோருக்கும் பொருந்துமானால் நாம் மகிழ்ந்து வருவோம்.

வெள்ளை உடுத்து வணங்க வரும் பிள்ளைகள் பாலியிலும் உண்டு, இங்கும் உண்டு. வாய்க்கால் வெட்டும் நாளிலும் அவர்கள் வருவார்களாயின் இரு நாட்டிலும் நீர் கீழ்மடை வரை போகும். அதற்கு எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.